ஆர்க்காட்டு இரட்டையரில் இளையவர்

2022ஆம் வருஷம் ஜனவரி மாதம் 12ந் தேதி தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறந்து வைக்கப்பட்டன. அந்த 11இல் நமது திருப்பூரும் ஒன்று. கோயமுத்தூர் ஜில்லாவைச் சார்ந்தே நெடுங்காலம் இருந்து, 2009இல்தான் தனி ஜில்லாவின் தலைநகராகிய ஊருக்கு இது சிறிய பேறன்று. கட்டடம் எழுந்தது, மாணவர் வந்து சேர்ந்தனர், வாழ்த்துரைகள் வழங்கப்பட்டன. அக்கல்லூரியினின்று வெளிப்படும் டாக்டர் எத்தகையவராக இருப்பார் என்ற விசாரம் மட்டும் அந்த உற்சவ ஆரவாரத்தில் அதிகமாக நம் காதில் விழவில்லை.

தரம் என்ற சொல்லுக்குப் பொருள் யாதென்று திருப்பூருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. துணி துவைத்தால் எத்துணை சுருங்கும், சாயம் எவ்வளவு நிற்கும், சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் கனம் என்பவற்றையெல்லாம் செக்கிங் மேஜையில் நிற்கும் பெண்மணியே விரல் நுனியில் சொல்லி விடுவாள். கடல் கடந்த பையர் அனுப்பும் இன்ஸ்பெக்டர் பத்துப் பெட்டிகளைப் பிரித்துப் பார்த்துத் தலையை அசைத்தால், மாதக்கணக்கான உழைப்பு ஒரு நாளில் ரிஜெக்ஷன் சரக்காகி விடும். அந்த வேதனையை அறிந்த ஊருக்கு நாம் இன்று சொல்ல எடுத்துக் கொண்ட சரித்திரம் எளிதில் விளங்கும். நம் தேசத்து வைத்தியப் பட்டம் முழுவதுமே ஒரு காலத்தில் அவ்வாறு சீமையிலிருந்து ரிஜெக்ஷன் ஆகித் திரும்பி வந்தது. அந்தக் காலத்தில் பிரசவ வைத்தியத்தைக் கற்பித்து வந்தவரும், பின்னர் அகில உலக சுகாதார ஸ்தாபனத்தின் நிர்வாக சபைக்கே தலைமை வகித்தவருமான டாக்டர் ஆர்க்காடு லக்ஷ்மணசாமி முதலியாரின் வாழ்க்கை அது.

தொடங்கு முன் நேயர்களிடம் ஒன்றை ஒளிவின்றிக் கூறி விடுகிறோம். முதலியார் நம் அணியைச் சேர்ந்தவரல்லர். அவருடைய தமையனார் ஸர் ராமசாமி முதலியார் ஜஸ்டிஸ் கட்சியின் தூண்களுள் ஒருவர். தேச பக்தர்கள் சிறைக்கோட்டம் நிறைத்த 1942இல், சூலூர் விமானத் தளம் தீக்கிரையான அதே வருஷத்தில், இளையவர் சென்னைச் சர்வகலாசாலையின் உபவேந்தர் பதவியை ஏற்றார். 1945இல் பிரிட்டிஷ் சர்க்கார் அவருக்கு ஸர் பட்டம் வழங்கிற்று. இவற்றை மறந்துவிட்டு அவரைத் தேசியவாதியாக வேஷங்கட்டி நிறுத்த நாம் விரும்பவில்லை. எனினும் ஒருவர் எந்தக் கொடியின் கீழ் நின்றார் என்பதோடு விசாரணையை முடித்து விடுவது நியாயமாகாது. அவர் செய்த வேலை யாருக்குப் பயன்பட்டது என்பதையும் பார்க்க வேண்டுமன்றோ?

1887ஆம் வருஷம் அக்டோபர் 14ந் தேதி கர்நூலில் இரட்டைக் குழந்தைகளாக இவ்விருவரும் பிறந்தனர். இராம லக்ஷ்மணர் பெயரையே பெற்றோர் இட்டனர். பள்ளிப் படிப்பு கர்நூலில். 1903இல் சென்னை வந்து கிறிஸ்தவக் கல்லூரியில் சேர்ந்தனர். அங்கிருந்து வழிகள் பிரிந்தன. மூத்தவர் சட்டத்தையும் அரசியலையும் நாடினார். இளையவர் 1835இல் நிறுவப்பட்ட சென்னை வைத்தியக் கல்லூரிக்குள் நுழைந்தார். பிற்காலத்தில் இவ்விரு வழிகளும் ஓரிடத்தில் வந்து கூடியது விந்தை. 1946இல் ஐக்கிய நாடுகளின் பொருளாதார சமூக சபைக்கு முதல் தலைவராக இருந்தவர் ராமசாமி முதலியார். உலக சுகாதார மகாநாட்டைக் கூட்டுவதென்று முடிவு செய்தது அந்தச் சபைதான். அம்மகாநாட்டின் பயனாகப் பிறந்து 1948 ஏப்ரல் 7ந் தேதி நடைமுறைக்கு வந்த உலக சுகாதார ஸ்தாபனத்தில், அடுத்த ஆண்டே நிர்வாக சபைத் தலைவராக அமர்ந்தவர் தம்பி. ஒரே தொட்டிலில் வளர்ந்த இருவருக்கு இவ்வாறு வாய்ப்பது அரிது.

இளையவர் தேர்ந்தெடுத்த துறை பிரசவ வைத்தியம். ஆண் டாக்டர் பிரசவ அறைக்குள் வருவதை நம் குடும்பங்கள் விரும்பாத காலம் அது. பெரும்பாலான பெண்கள் வீட்டின் இருட்டறையிலேயே, மருத்துவச்சியின் கழுவாத கையால் பிள்ளை பெற்றார்கள். சுரம் கண்டு மாண்டவர் எத்தனை, உதிரம் பெருகி மாண்டவர் எத்தனை, குழந்தை குறுக்கே சிக்கி இரண்டு நாள் துடித்து மாண்டவர் எத்தனை என்று அன்று எவரும் சரிவர எண்ணவில்லை. 1946இல் வெளிவந்த போர் கமிட்டியின் ரிப்போர்ட்டே அதை ஓரளவு கணக்கிட்டது. ஆயிரம் பிரசவத்துக்கு ஏறக்குறைய 20 தாய்மார் என்ற விகிதத்தில், வருஷத்துக்குச் சுமார் 2 லட்சம் பெண்கள் பிரிட்டிஷ் இந்தியாவில் பிள்ளைப் பேற்றினால் இறந்து வந்தார்கள். பிறந்த குழந்தைகளில் ஆயிரத்துக்கு 160க்கு மேல் முதல் வருஷம் தாண்டவில்லை. சராசரி ஆயுள் 27 வயது. எழும்பூரில் 1844 முதல் நடந்து வந்த பெண்கள், குழந்தைகள் ஆஸ்பத்திரியில் இந்தச் சாவுகளை நாள்தோறும் எதிரே நின்று கண்டவர் முதலியார். அங்கே கற்பித்தார், சிகிச்சை செய்தார், தலைமைப் பொறுப்பையும் வகித்தார். அந்த அநுபவத்திலிருந்து 1938இல் அவர் எழுதி வெளியிட்ட பிரசவ வைத்திய நூல் பிற்பாடு பிறரால் திருத்தப்பட்டுப் பல பதிப்புகள் கண்டு, மாணவர்களுக்கு இன்றும் பாடநூலாக இருந்து வருகிறது.

இனி அந்த ரிஜெக்ஷன் கதை. 1892 முதல் நம் சர்வகலாசாலைகளின் வைத்தியப் பட்டங்களை லண்டனிலிருந்த பொது வைத்திய கவுன்சில் அங்கீகரித்து வந்தது. முதல் மகாயுத்தத்துக்குப் பின் கவுன்சிலார் ஒரு குறை கூறலாயினர். இந்திய மாணவர்களுக்குப் பிரசவ வைத்தியத்தில் நேர்முகப் பயிற்சி போதவில்லை, புத்தகம் படித்துத் தேறுகிறார்களேயன்றித் தாமே நின்று நடத்தும் பிரசவங்கள் சொற்பம் என்றார்கள். சீமையிலிருந்து பரிசோதகர்கள் வந்து கல்லூரிகளைப் பார்த்துப் போயினர். முடிவாக 1930இல் இந்தியப் பட்டங்களுக்கு அளித்த அங்கீகாரம் அடியோடு நீக்கப்பட்டது.

உப்புச் சத்தியாக்கிரகம் தேசத்தை உலுக்கிய வருஷம் அது. நம்மவர் கொதித்தெழுந்ததில் வியப்பில்லை. நம் டாக்டர்களின் யோக்கியதையை அளக்க லண்டனில் உட்கார்ந்திருக்கும் சிலருக்கு அதிகாரம் ஏது? ஐ.எம்.எஸ். உத்தியோகங்களை வெள்ளையருக்கே வைத்துக் கொள்ளும் சூழ்ச்சியே இது என்று பலர் கூறினர். அக்கூற்றில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் நாம் இன்று நிதானமாக எண்ணிப் பார்க்குமிடத்து, அவமானமும் மெய், குறையும் மெய் என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. குறையைச் சுட்டியவன் அந்நியன் என்பதால் பிரசவ அறையில் செத்த பெண் பிழைத்து எழுந்துவிடவில்லை. கோபத்தில் நாம் இந்த இரண்டாவது விஷயத்தைக் கொஞ்சம் மறந்தோம்.

சச்சரவின் பலனாக 1933இல் இந்திய வைத்திய கவுன்சில் சட்டம் பிறந்தது. நம் பட்டத்துக்கு நாமே தரம் வகுக்கும் உரிமை வந்தது. அளவுகோல் கை மாறியதும் பலருக்குப் போராட்டம் முடிந்ததாகத் தோன்றிற்று. முதலியாரின் வேலை அங்கேதான் தொடங்கியது. மாணவன் தன் கையால் இத்தனை பிரசவம் பார்த்தாக வேண்டும், உபாத்தியாயர் அருகில் நின்றாக வேண்டும், பரீட்சையில் நோயாளியை வைத்துக் கேட்டாக வேண்டும் என்பவை சலிப்பூட்டும் சிறு விதிகள். மேடையில் இவற்றைப் பேசினால் எவரும் கை தட்டமாட்டார்கள். இத்தகைய சிறு விதிகளைக் கட்டிக் காத்தே ஒரு மனிதர் தம் ஆயுளைக் கழித்தார். சென்னை வைத்தியக் கல்லூரிக்கு இந்தியருள் முதல்முதலாகப் பிரின்சிபால் ஆனவரும் அவரே.

இவ்விடத்தில் நம் ஜில்லாக்களில் முதியோர் நினைவில் இன்னும் இருக்கும் எல்.எம்.பி. டாக்டர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்காலத்தில் வைத்தியப் படிப்பு இரு வகை. கல்லூரியில் படித்து எம்.பி.பி.எஸ். பட்டம் பெறுவோர் ஒரு சாரார். வைத்தியப் பள்ளிக்கூடங்களில் பெரும்பாலும் நான்கு ஆண்டு படித்து எல்.எம்.பி. என்ற டிப்ளமா பெறுவோர் மற்றொரு சாரார். தொகையில் பின்னவரே அதிகம். பல்லடம், தாராபுரம், காங்கயம் போன்ற சிற்றூர்களில் சைக்கிளிலும் வண்டியிலும் சென்று ஏழைகளைப் பார்த்தவர்கள் இவர்களே. 1933ஆம் வருஷத்துச் சட்டம் இவர்களைத் தன் வரம்பிலேயே சேர்க்கவில்லை. சென்னை ராஜதானியில் வைத்தியப் பள்ளிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன அல்லது கல்லூரியாக உயர்ந்தன. ஸ்டான்லி பள்ளி 1938இல் கல்லூரியாயிற்று. ஐடா ஸ்கடர் அம்மையார் 1918இல் வேலூரில் பெண்களுக்காகத் தொடங்கிய பள்ளி, மூடுவதா உயர்வதா என்ற சங்கடத்தில் அலைந்து 1942இல் எம்.பி.பி.எஸ். வகுப்பு நடத்தத் தொடங்கிற்று.

1943இல் அமைந்த போர் கமிட்டியில் முதலியார் ஓர் அங்கத்தினர். ஒரே தரமான டாக்டர்தான் இத்தேசத்துக்கு வேண்டும், குறைந்த படிப்பினரை உற்பத்தி செய்வதை நிறுத்த வேண்டும் என்பது அக்கமிட்டியின் பெரும்பான்மை முடிவு. அந்த டாக்டர் நோயைத் தீர்ப்பவராக மட்டுமன்றி நோயை வருமுன் காப்பவராகவும் பயிற்றப்பட வேண்டும் என்றும் சிபார்சு செய்தனர். எல்லா அங்கத்தினரும் இசையவில்லை. 6,000 பேருக்கு ஒரு டாக்டர் கூட இல்லாத தேசத்தில், அதிலும் அவர்கள் பட்டணங்களிலேயே மொய்த்துக் கிடக்கும்போது, எல்.எம்.பி.யையும் நிறுத்திவிட்டால் கிராமவாசி எங்கே போவான் என்று கேட்டுத் தனிக் குறிப்பு எழுதினார்கள் சிலர்.

இக்கேள்வி லேசானதன்று. உண்மையில் நடந்ததும் அவர்கள் அஞ்சியவாறே. அடுத்த முப்பது ஆண்டுகளுக்குக் கிராமங்கள் பலவற்றில் எம்.பி.பி.எஸ். வரவில்லை; எல்.எம்.பி. போய்விட்டது, இடைவெளியில் ஊசி போடும் அரைகுறைகள் புகுந்தனர். தரத்தைக் காத்தவர்கள் இந்தக் கணக்குக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்பது நம் கருத்து.

எனினும் நாம் முடிவில் முதலியார் பக்கமே சாய்கிறோம். நம் வக்கீல் தொழிலை வைத்துச் சொல்வோம். அங்கும் பாரிஸ்டர், வக்கீல், முதல் வகுப்புப் பிளீடர், இரண்டாம் வகுப்புப் பிளீடர் என்று படிக்கட்டுகள் பல இருந்தன. ஏழைக் கட்சிக்காரனுக்கு வாய்த்தவர் கீழ்ப்படிக்காரரே. 1961ஆம் வருஷத்து அட்வகேட் சட்டம் இந்தப் படிக்கட்டுகளை இடித்து, அட்வகேட் என்ற ஒரே வகுப்பை ஆக்கிற்று. அதற்கு முன் கீழ்ப்படி வக்கீலின் அறியாமையால் காட்டை இழந்தவனுக்கு ஜில்லாக் கோர்ட்டு, ஹைக்கோர்ட்டு என்று அப்பீலாவது இருந்தது. பிரசவ அறையில் செய்த பிழைக்கு அப்பீல் எந்தக் கோர்ட்டில்? பணக்காரன் மனைவிக்கு ஐந்து வருஷப் படிப்பும், பனியன் தைப்பவள் மகளுக்கு நான்கு வருஷப் படிப்பும் போதுமென்று ஒரு சுதந்திர தேசம் சட்டம் செய்யலாகுமா? அரசியல் சமத்துவம் பேசும் நம்மைப் பார்த்து, அரசியலில் எதிர் அணியில் நின்ற குடும்பத்தவர் ஒருவர் கேட்க வேண்டியிருந்த கேள்வி இது.

உபவேந்தராக 1942இல் அமர்ந்த முதலியார் 1969 வரையில், 27 வருஷம், அப்பதவியில் இருந்தார். மந்திரிசபைகள் மாறின, ராஜதானி மாகாணமாகி, மாகாணம் பிரிந்து சிறுத்தது, அவர் நாற்காலி மட்டும் அசையவில்லை. இத்தனை காலம் ஒருவரே இருப்பது ஜனநாயகத்துக்கு அழகா என்றால், இல்லை என்போம். ஆனால் அக்காலத்தில் எழுந்தவை பல. 1944இல் அழகப்பச் செட்டியாரின் கொடையால் தொழில்நுட்பக் கல்லூரி தோன்றிற்று. 1952இல் பௌதிகத்துறைக்கு அழைத்து வரப்பட்ட ஜி. என். ராமச்சந்திரன், நம் உடலின் தோலையும் எலும்பையும் தாங்கும் கொல்லாஜன் என்ற பொருளின் முப்புரி அமைப்பை 1954இல் கண்டு வெளியிட்டார். கோயமுத்தூர், திருப்பூர் வட்டாரத்துக் கல்லூரிகளும் 1982இல் பாரதியார் சர்வகலாசாலை அமையும் வரையில் சென்னைக்கே உட்பட்டவை. ஆகவே இவ்வட்டாரத்தில் இரண்டு தலைமுறையினர் பெற்ற பட்டங்களில் அவருடைய கையொப்பம் இருந்தது.

சர்வதேச அரங்குக்கு வருவோம். 1948இல் ஜினீவாவில் கூடிய முதல் உலக சுகாதார மகாசபைக்குச் சென்ற இந்தியக் கோஷ்டியில் அவர் துணைத் தலைவர். 1949, 1950 ஆகிய வருஷங்களில் நிர்வாக சபைத் தலைவர். 1955இல் மெக்ஸிகோ நகரில் எட்டாவது மகாசபை கூடியபோது உபதலைவர்களுள் ஒருவர். மலேரியாவை உலகத்தினின்றே ஒழித்து விடுவதென்று சங்கற்பம் செய்து கொண்ட சபை அதுதான். 1961இல் பதினான்காவது மகாசபை டில்லியில் கூடிற்று. அதற்கு அவரே தலைவர். அடிமை நாட்டு வைத்தியப் பட்டம் செல்லாதென்று சொல்லப்பட்டு 31 வருஷமே ஆகியிருந்தது.

அந்த 1961ஆம் வருஷம் இந்தியா மலேரியாவை வென்றுவிட்டதாகவே எல்லாரும் நம்பினர். சுதந்திரம் வந்த சமயத்தில் வருஷத்துக்கு 7½ கோடி பேரைப் பிடித்து, 8 லட்சம் பேரைக் கொன்று வந்ததாக மதிப்பிடப்பட்ட நோய், டி.டி.டி. மருந்து தெளித்ததால் சுமார் 50,000 பேர் என்ற அளவுக்கு இறங்கிற்று. பிறகு என்ன நடந்தது? 1976இல் 64 லட்சம் பேருக்கு மலேரியா கண்டது. கொசு மருந்துக்குப் பழகிவிட்டது என்பதும், மருந்து வேளைக்கு வந்து சேரவில்லை என்பதும் காரணங்களே. ஆனால் மற்றொரு காரணமும் உண்டு. தெளிப்பான் ஏந்திய படை திரும்பிப் போன பின்பு, சுரம் கண்டவனின் இரத்தத்தை எடுத்துப் பார்த்து, வீடு வீடாய்ச் சென்று விசாரித்து, நோய் மீண்டும் தலையெடுக்காமல் காவல் நிற்கப் பயின்ற ஆட்கள் கிராமத்தில் இல்லை. நோயை ஒரு தரம் விரட்டி விடலாம். விரட்டிய நோய் திரும்பாமல் வருஷக்கணக்காகக் காவல் நிற்பது மருந்தினால் மட்டும் ஆகிற காரியமன்று. அங்கே கற்ற மனிதர்கள் வேண்டும்.

இதை முதலியார் அறியாதவரல்லர். 1959இல் மத்திய சர்க்கார் அவர் தலைமையிலேயே ஒரு சுகாதாரக் கமிட்டியை நியமித்தது. 1961இல் முடிந்த அதன் ரிப்போர்ட்டு, ஆரம்ப சுகாதார நிலையங்கள் பல பெயரளவில் இருக்கின்றன, ஆட்களும் சாதனங்களும் இல்லை என்று கண்டு, புதியவற்றைப் பெருக்குமுன் இருப்பவற்றை வலுப்படுத்தச் சொல்லிற்று. ஒரு நிலையத்துக்கு 40,000 ஜனங்களுக்கு மேற்படலாகாது, 50 லட்சம் ஜனத்தொகைக்கு ஒரு வைத்தியக் கல்லூரி வேண்டும் என்று வரம்பு கட்டிற்று. புதிய கட்டடத்துக்குக் கல் நாட்டுவதில் ருசி கண்ட அரசியல்வாதிகளுக்கு, நம் கட்சிக்காரரையும் சேர்த்தே சொல்கிறோம், இருப்பதைச் செம்மை செய்யுங்கள் என்ற யோசனை கசந்ததில் ஆச்சரியமில்லை.

டாக்டரின் படிப்பு மட்டும் போதாது, ஜனங்களின் படிப்பும் உயர்ந்தாலொழியச் சுகாதாரம் நில்லாது என்பதையும் அவர் உணர்ந்திருந்தார். 1952இல் நியமிக்கப்பட்ட இடைநிலைக் கல்விக் கமிஷனுக்குத் தலைமை வகித்து 1953இல் அவர் அளித்த ரிப்போர்ட்டில் மாணவரின் தேக நலத்துக்கென்றே ஒரு பகுதி உண்டு. ஒவ்வொரு மாணவனையும் டாக்டர் முறையாகச் சோதிக்க வேண்டும், கண்ட குறைக்குச் சிகிச்சை தொடர வேண்டும், சுகாதாரப் பழக்கங்களைப் பள்ளியிலேயே பயிற்ற வேண்டும் என்பவை அதன் சிபார்சுகள். பள்ளிப் படிப்பு தாய்மொழியிலேயே நடக்க வேண்டும் என்றும் அக்கமிஷன் கூறிற்று.

பள்ளியோடு நின்றுவிட்டார் என்பதே நம் வழக்கு. சர்வகலாசாலை வகுப்புகளில் ஆங்கிலத்தை அவசரமாக அகற்றுவதை அவர் எதிர்த்தார். தரம் தாழ்ந்து விடும் என்று அஞ்சினார். இங்கே திருப்பூரின் புத்திரர் ஒருவரை அவருக்கு எதிரே நிறுத்த வேண்டியிருக்கிறது. 1903இல் இவ்வூரில் பிறந்து, சிறை புகுந்து, 1946 முதல் 1949 வரையில் சென்னையில் கல்வி மந்திரியாயிருந்த ஸ்ரீ அவிநாசிலிங்கம் செட்டியார், விஞ்ஞானம் முழுவதையும் தமிழில் சொல்ல முடியும் என்று நம்பினார். அந்த நம்பிக்கைக்குச் சாட்சியாகத் தமிழ் வளர்ச்சிக் கழகத்தை நிறுவினார். பெரியசாமித் தூரனைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1954 முதல் கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிகள் வெளிவந்தன. வைத்தியத்தில் இது இயலுமா என்ற சந்தேகம் எழுவோருக்கு யாழ்ப்பாணத்தைக் காட்டுவோம். 1847இல் அங்கு வந்த அமெரிக்க டாக்டர் ஸாமுவேல் கிரீன், மானிப்பாயில் மாணவர்களைச் சேர்த்துத் தமிழிலேயே மேனாட்டு வைத்தியத்தைக் கற்பித்தார்; அங்காதிபாதம் முதல் பிரசவ வைத்தியம் வரையில் தமிழில் நூல்களை ஆக்கினார். அந்நியர் ஒருவருக்கு அந்நூற்றாண்டில் கைகூடியது, தமிழ் பேசும் உபவேந்தருக்கு 27 வருஷத்தில் கைகூடாமற் போனதேன்? முயன்றிருந்தால் தரம் தாழ்ந்திராது, பரவியிருக்கும் என்பதே நம் துணிபு. இந்தக் குறையை அவருடைய பெருமைகள் மறைத்துவிட நாம் இடங்கொடோம்.

சர்க்கார் அவருக்கு 1954இல் பத்மபூஷணும் 1963இல் பத்மவிபூஷணும் அளித்தது. 1969இல் சர்வகலாசாலையை விட்டு விலகினார். 1974ஆம் வருஷம் ஏப்ரல் 15ந் தேதி, 86ஆம் வயதில் காலமானார். தரமணியிலுள்ள உயர் மருத்துவக் கல்வி நிலையம் அவர் பெயரைத் தாங்குகிறது.

அவர் கண்மூடிய அந்தக் கோடையில் பீகாரில் பெரியம்மை கோரத் தாண்டவமாடிக் கொண்டிருந்தது. அதை ஒழித்தவர்கள் அம்மை கண்ட குழந்தையின் படம் அச்சிட்ட அட்டை ஒன்றைக் கையில் பிடித்து, எழுத்தறியாத தாயிடமும் காட்டி, இப்படி எவருக்கேனும் கண்டதா என்று வீடு வீடாய்க் கேட்டுச் சென்ற ஊழியர்கள். கண்ட வீட்டைச் சுற்றிலும் உள்ளவர்களுக்கு அம்மை குத்தினர். மறு வருஷம் மே மாதத்துக்குப் பின் இந்தியாவில் பெரியம்மை இல்லை. 1980இல் உலகத்திலேயே இல்லையென்று சுகாதார ஸ்தாபனம் பிரகடனம் செய்தது. முதலியார் அதைக் காண இருக்கவில்லை.

பிரசவ மரணக் கணக்கையும் சொல்லி விடுகிறோம். அன்று லட்சத்துக்கு 2,000 தாய்மார் என்று போர் கமிட்டி மதிப்பிட்டது. 2018 முதல் 2020 வரையிலான கணக்கின்படி தமிழ்நாட்டில் லட்சத்துக்கு 54. இந்தியா முழுவதற்கும் 97. டாக்டர்களால் மட்டும் வந்த குறைவன்று இது. கிராம சுகாதாரத் தாதிகள், இரத்த வங்கிகள், இரவும் பகலும் திறந்திருக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்கள், பள்ளிக்குச் சென்று படித்த பெண்கள் எல்லாரும் சேர்ந்து இழுத்த தேர் இது. 54 என்பதும் 54 வீடுகளில் தாயற்றுப் போன பிள்ளைகள்தாம்.

திருப்பூரில் இன்று பிரசவத்துக்கு வருகிறவர்களில் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் தைப்பு வேலைக்கும் பேக்கிங் வேலைக்கும் வந்த குடும்பத்துப் பெண்களும் இருக்கிறார்கள். அவர்களுள் தமிழ் அறியாதவர் பலர். முதலியார் விடாது பற்றிய ஆங்கிலமும் அவர்களுக்குத் தெரியாது. முந்திய பிரசவத்தில் உதிரம் மிகுந்ததா, வலி கண்டு எத்தனை நாழிகை ஆயிற்று என்பவற்றை நம் புதிய கல்லூரியின் மாணவர் அவர்களிடம் கேட்டறிந்தாக வேண்டும். அதற்கு வேண்டிய ஒரியா, ஹிந்திச் சொற்கள் நூறு கூட இருக்கமாட்டா. அவற்றைத் தமிழ் எழுத்தில் அச்சிட்டுப் பிரசவ வார்டில் தொங்கவிடுவதைக் கல்லூரி அதிகாரிகளின் யோசனைக்கு விடுகிறோம். அச்சுச் செலவு அதிகமாகாது. ஆனால் உடனே செய்ய வேண்டும்.